நிலம் இளகும் வரை

டுக்கும்கேரி, நியூ மெக்சிக்கோ
12 மார்ச் 2006

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். வண்டிலும் உயிரோடு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இது.

பத்து நாள் ஓட்டம். ஒஹாயோவில் பனி கொட்டியது. லொறிகள் தரிக்கும் இடத்தில் ஒரு பகல் முழுவதும் நின்றேன். பிறகு பனி குறைந்தது. பிறகு மரங்கள் குறைந்தன. இங்கே வீதியும் வானமும் மட்டும்தான்.

என் தொலைபேசி உங்கள் சமையலறை மேசையில் இருக்கும். வேண்டுமென்றுதான் விட்டுவிட்டு வந்தேன். பேசினால் இருவரும் கத்துவோம். கடிதத்தில் கத்துவது கஷ்டம். ஞாயிறு தோறும் ஊரிலிருந்த அம்மாவுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதி முடிக்காமல் அப்பா எங்களைச் சாப்பிட விட்டதில்லை. அம்மா போய்ப் பத்து வருடம். அந்தப் பழக்கம் இன்றைக்குத்தான் மறுபடி உதவுகிறது.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, உங்கள் வீட்டில், சுவாமியாருக்கும் செபமாலை அண்ணைக்கும் முன்னால் கத்தினேன். முன்னால் கத்தியதற்கு மன்னிப்பு. கத்தியதற்கு இல்லை.

வந்தவர்களுக்குத் தேநீர் போடத்தான் தேயிலைப் பேணிக்குள் கையை விட்டேன். வண்டிலின் சாவி வந்தது.

ஒன்றரை வருடமாகத் தொலைந்த சாவி. எல்லோரும் சேர்ந்துதான் தேடினோம். அப்பா டோர்ச் லைற்றோடு கட்டிலுக்குக் கீழே படுத்துத் தேடினார். நீங்களும் தேடினீர்கள். சோபாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அந்தச் சோபாவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. மொன்றியல் ஜான்-டலோன் சந்தையில் பதினெட்டு வருடம் லெற்றியூஸ் கீரைப் பெட்டி இறக்கியவர். மாரிக் குளிர் வந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் ‘யூமா, அரிசோனா’ என்று எழுத்து. "பாலைவனத்தில எப்பிடியடா இலை முளைக்கும்? பொய் சொல்லுறாங்கள். ஒருக்காப் போய்ப் பாக்கோணும்." அதற்காகவே இந்தக் கிழட்டு மோட்டர்ஹோமை வாங்கி உங்கள் வீட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். வண்டில் என்று பெயர் வைத்தார். வண்டில் ஒரு மணி நேரத் தூரத்து ரிகோ மாதா கோயிலைத் தாண்டியதில்லை.

நான் போய்ப் பார்க்கிறேன். உறைந்து கிடக்கும் நிலம் மே மாதம் இளகி அவரை அடக்கம் செய்வதற்குள் வந்துவிடுவேன். முதல் பிடி மண் நான் போட வேண்டும். அது தெரியும்.

எழுத விரும்பினால்: என் பெயர், ஊரின் பெயர், ‘ஜெனரல் டெலிவரி’. அஞ்சலகத்தில் முப்பது நாள் வைத்திருப்பார்கள். மாத முடிவில் ஹோல்புறூக். ஏப்ரல் நடுப்பகுதியில் கிலா பெண்ட். பிறகு யூமா.

டனிஸ்ரன்


ரொக்ஸ்பரோ
20 மார்ச் 2006

தம்பி டனிக்கு அக்கா எழுதுவது,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். கை வரவில்லை.

பதினெட்டு நாள். உன் தொலைபேசி மேசையில் கிடந்து அடிக்கிறது. நூலகத்திலிருந்து ஒரு பெண் மூன்று தரம் எடுத்தாள், நீ புத்தகம் திருப்பிக் கொடுக்கவில்லையாம். நான் உன்னை ஏதாவது ஆஸ்பத்திரியில் தேட வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் புத்தகத்தைத் தேடுகிறாள்.

சாவியை ஒளித்தது நான்தான். காரணம் சொல்ல மாட்டேன். நீ என்ன நினைக்கிறாயோ அதையே நினை.

ஆனால் உனக்கும் ஒன்று நினைவூட்டுகிறேன். அப்பா வண்டில் வாங்கியது 2003 வைகாசியில். சாவி தொலைந்தது 2004 ஐப்பசியில். இடையில் பதினேழு மாதம் சாவி சுவரில் ஆணியில்தான் தொங்கியது. நீ ஞாயிற்றுக்கிழமைகளில் நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து வருவாய், சாப்பிடுவாய், புத்தகப் பையைத் தூக்குவாய். அப்பா வாசல் வரை வந்து கேட்பார். "சோதினை முடியட்டும் அப்பா, பேந்து போவம்." பிறகு ஆய்வுக்கட்டுரை. பிறகு வேலை. பேந்து, பேந்து. அவருக்கு இருதய ஒப்பறேஷன் நடந்ததும் அந்தப் பேந்துக்குள்தான். இரவில் அவருக்கு மூச்சு வருகிறதா என்று கதவடியில் நின்று கேட்டவள் நான். நீ பாலைவனத்தில் இருந்துகொண்டு சோபாவைப் பற்றி எழுதுகிறாய்.

இங்கே ஒரு கூத்து. எலிசாவின் வகுப்பில் குடும்பத்தைப் பற்றிக் கதைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவள் எழுந்து, "என் அம்மப்பா மே மாதம் வரை குளிருக்குள் இருக்கிறார், அம்மா வெள்ளிக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறார்" என்று பிரெஞ்சில் சொல்லியிருக்கிறாள். ரீச்சர் பதறிப்போய்த் தொலைபேசி எடுத்தாள். கிழவரை வெளியே விட்டுவிட்டோம் என்று நினைத்தாளாம். அத்தான் தன்னுடைய ஃபாக்டரிப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினார்: "இல்லை மடாம், அவர் செத்துப்போனார், ஒரு பிரச்சினையும் இல்லை." நான் சிரித்தேன். தை மாதத்துக்குப் பிறகு முதல் தரம். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் போகிறேன், உண்மை. சேமக்காலையில் சவப்பெட்டிகளை வைத்திருக்கும் கற்கட்டடத்துக்குள் யாரையும் விடமாட்டார்கள். கதவடியில் நின்று செபம் சொல்லிவிட்டு வருகிறேன். இந்த மாரியில் செத்தவர்கள் எல்லோரும் அதற்குள்தான். நிலம் இளகினால் வரிசைப்படி கூப்பிடுவார்களாம். மே இரண்டாம் கிழமை என்று சொல்கிறார்கள்.

வண்டில் நின்ற இடத்தில் ஒரு நீள்சதுரம், பனியே இல்லாமல் இருந்தது. போன கிழமை கொட்டியதில் அதுவும் மூடிவிட்டது. அம்புறோஸ் அத்தான் அந்த இடத்தை மட்டும் வழிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா செலீன்


ஹோல்புறூக், அரிசோனா
31 மார்ச் 2006

அக்கா,

கிடைத்தது. வண்டிலின் படியில் இருந்து வாசித்தேன். இரண்டு தரம்.

பதினேழு மாதம். சரி. நான் எண்ணியதில்லை.

ஆனால் நீங்கள் எழுதாத ஒன்றையும் நான் எழுதவேண்டும். அந்த ஐப்பசியில் நான் வேலைக்கு லீவு எடுத்துவிட்டு வந்து, "நவம்பரில போவம் அப்பா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அடுத்த ஞாயிறு சாவி இல்லை. எல்லோரும் தேடி முடித்த பிறகு சொன்னேன், வேறு சாவி வெட்டலாம், ஒரு நாள் வேலை. அப்பா சொன்னார்: "பேந்து பாப்பம்."

என் சொல்லை அவர் எனக்கே தந்தார். நான் வாங்கிக்கொண்டேன். எனக்குள் ஏதோ இலேசானது. மூன்று கிழமை அப்பாவோடு ஒரே பெட்டிக்குள், என்ன பேசுவது என்று பயந்துகொண்டிருந்தேன். சாவி தொலைந்தது நல்லதாயிற்று என்று மெற்றோவில் போகும்போது நினைத்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை.

இங்கே நிலம் சிவப்பு. காலையில் ஊதா. நடுப்பகலில் நிறமே இல்லை. நான் மணிக்கணக்காக ஓட்டுகிறேன், மலை அதே இடத்தில் நிற்கிறது. தலையணையில் இன்னும் அப்பாவின் சித்தாலேபத் தைல மணம். அவர் இதில் படுத்திருக்கிறார், அக்கா. உங்கள் வீட்டு வாசலில், ஓடாத வண்டிலுக்குள், பகலில் படுத்திருக்கிறார். உங்களுக்குத் தெரியுமா?

பக்கத்தில் த்றுவா-றிவியேர் ஊர்க்காரர் ஒருவர் வண்டி நிறுத்தியிருக்கிறார். கயெத்தான். கியூபெக் இலக்கத்தகட்டைப் பார்த்துவிட்டு வந்து கதவில் தட்டினார். "போன்ஜூர்! நீ எங்கட ஆளோ?" அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கழிவுத் தொட்டியை எப்படி வெறுமையாக்குவது என்று எனக்குத் தெரியாததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். குழாயைப் பூட்டிக் காட்டினார்.

"இது உன்னுடையதா?"

"அப்பாவுடையது."

"அப்பா இதைக்கூடச் சொல்லித் தரவில்லையா?"

நாற்றத்துக்கு முகத்தைத் திருப்புவது போல் திருப்பிக்கொண்டேன்.

கிலா பெண்டுக்கு எழுதுங்கள். பதினைந்தாம் திகதிக்குள் அங்கே இருப்பேன்.

டனி


ரொக்ஸ்பரோ
8 ஏப்ரல் 2006

டனி,

இதைக் கண்டதும் புறப்படு.

நேற்றுச் சேமக்காலையிலிருந்து கூப்பிட்டார்கள். இந்த வருடம் பனி முன்னதாகவே கரைந்துவிட்டது, நிலம் இளகிவிட்டது. எங்கள் முறை ஏப்ரல் 22, சனிக்கிழமை, காலை பதினொரு மணி. பிந்திய நாள் ஒன்று கேட்டேன். வரிசை நீளம், விட்டால் ஜூன் என்றார்கள். இன்னும் இரண்டு மாதம் அவரை அதற்குள் வைத்திருக்க என்னால் முடியாது.

வண்டிலை எங்காவது நிறுத்திவிட்டு விமானத்தில் வா. இல்லாவிட்டால் வண்டிலோடு வா. கோபம் எல்லாம் பிறகு. சாவி பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுத்தில் வேண்டாம், நேரில்.

முதல் பிடி உனக்குத்தான். நான் யாரையும் போட விடமாட்டேன்.

அக்கா


யூமா, அரிசோனா
17 ஏப்ரல் 2006

அக்கா,

இங்கே எனக்குக் கடிதம் இல்லை. நான் கிலா பெண்டுக்குப் போகவில்லை. கயெத்தான் குவார்ட்சைட் என்ற இடத்தைப் பார்க்காமல் போகாதே என்றார், அந்த வழியால் வந்துவிட்டேன். நூற்றுக்கணக்கான மோட்டர்ஹோம்கள் வெறுந்தரையில் நிற்குமாம். நான் போனபோது எல்லோரும் வெயிலுக்குப் பயந்து வடக்கே போய்விட்டார்கள். தரையில் சக்கரத் தடங்கள் மட்டும். நீங்கள் கிலா பெண்டுக்கு எழுதியிருந்தால் அது அங்கே கிடக்கட்டும், வரும்போது எடுக்கிறேன்.

நேற்று உயிர்த்த ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை. லெற்றியூஸ் பார்க்கப் போனேன்.

லெற்றியூஸ் இல்லை. பங்குனியோடு வெட்டி முடிந்துவிடுமாம். உழுத மண். ஓரத்தில் காய்ந்த வெளி இலைகள், கடதாசி போல. நடுவில் வாய்க்கால், முட்ட முட்டத் தண்ணீர். எங்கோ பெரிய ஆற்றிலிருந்து கொண்டு வருகிறார்கள். அவ்வளவுதான் இரகசியம். அப்பாவோடு பெட்டி இறக்கிய செபமாலை அண்ணையிடம் சொல்லுங்கள்: பெட்டியில் எழுதியிருந்தது உண்மை. வாய்க்கால் இருக்கிறது.

வரம்பில் நடந்துகொண்டிருந்தேன். எல்லைக் காவல் வாகனம் வந்தது. மெக்சிக்கோ இங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரம். என் நிறத்துக்கு என்னை வேறு என்னவென்று நினைப்பார்கள்? என் குடியுரிமை அட்டையைக் கொடுத்தேன். வண்டியின் பத்திரத்தைக் கேட்டார். அது அப்பாவின் பெயரில். முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தேன். அதில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை.

அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். இரண்டு கடிதங்களில் நின்றார்.

"தேவதாசன் யார்?"

"என் அப்பா."

"இவருக்கு விசா மறுத்திருக்கிறார்கள். இரண்டு தரம்."

"அவர் கனேடியர். விசா தேவையில்லை."

"இல்லை," என்றார். கோபமாக இல்லை. கடிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இலங்கைக் கடவுச்சீட்டு."

இரண்டாவது மறுப்பு 2004 செப்ரெம்பரில்.

நாம் மூவரும் நிற்கும் அந்தப் படம், அக்கா. 98இல், குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்த நாள். கோட், ரை, கையில் சின்னக் கொடி. நாங்கள் இருவரும் மத்தியானக் கூட்டத்தில். "எனக்குக் காலமை முடிஞ்சுது" என்றார். யார் கேட்டோம்? கொடியை வாசலில் வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்தார்கள். எழுத்துச் சோதனையில் அவர் சித்தியடையவில்லை. அந்தக் கடிதமும் இதே பெட்டிக்குள் இருக்கிறது. எங்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு எட்டு வருடம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

நீங்கள் சாவியை ஒளித்திருக்காவிட்டாலும் அவர் போயிருக்க முடியாது. நான் முதல் நாளே சரி என்று சொல்லியிருந்தாலும் முடியாது. இது ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை.

காவல்காரர் பத்திரங்களை மடித்துத் தந்தார்.

"இப்போது அவர் எங்கே?"

"மொன்றியலில்."

"என்ன செய்கிறார்?"

"காத்திருக்கிறார்," என்றேன்.

திரும்பும்போது ரேடியேற்றர் போய்விட்டது. பாகம் வர இரண்டு கிழமை என்கிறார்கள். மே நான்கு, ஐந்தில் புறப்படுவேன். இரண்டாம் கிழமைக்குள் வந்துவிடுவேன். அதற்குள் அடக்கம் இல்லைத்தானே.

சாவி பற்றி நான் கத்தியதற்கு இப்போது மன்னிப்பு.

டனி


ரொக்ஸ்பரோ
25 ஏப்ரல் 2006

டனி,

உன் கடிதம் இன்றைக்கு வந்தது. அப்பாவைச் சனிக்கிழமை அடக்கம் செய்துவிட்டோம்.

கிலா பெண்டுக்கு எழுதியிருந்தேன். யூமாவுக்கும் ஒன்று போட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. பதினைந்தாம் திகதி என்றாய், நம்பினேன்.

நீ வருவாய் என்றுதான் எல்லோரும் நின்றோம். சுவாமியார் செபங்களை மெதுவாகச் சொன்னார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். செபமாலை அண்ணை ஒவ்வொருவரிடமும் போய், "வாறான், வாறான். வண்டிலெல்லோ, மெதுவாத்தான் வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு வெள்ளை வாகனம் திரும்பியது. நான் இரண்டு அடி நடந்துவிட்டேன். பூக்கடை வாகனம்.

அடுத்த குடும்பம் பின்னால் காத்து நின்றது. குழியைச் சுற்றிப் பச்சை நிறத்தில் பொய்ப் புல் விரித்து, ஒரு கிண்ணத்தில் சுத்தமான மணல் வைத்திருந்தார்கள், கரண்டியோடு. எனக்கு அது வேண்டாம். விரிப்பைத் தூக்கிவிட்டுக் கையால் தோண்டினேன். மேலேதான் இளகியிருந்தது, டனி. உள்ளே இன்னும் ஐஸ். நகத்துக்குள் ஏறியது.

அள்ளிவிட்டேன். போட முடியவில்லை. உனக்கு என்று சொல்லியிருந்தேனே. அத்தானும் போடவில்லை, நான் போடாததால். எல்லோரும் அப்படியே நின்றோம். அப்போது எலிசா முன்னால் வந்து, குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். ஒரு தரம் இல்லை. போட்டுக்கொண்டே இருந்தாள். அத்தான் பிடித்து நிறுத்தினார். "மூடினாத்தான் குளிராது" என்றாள். தமிழில் சொன்னாள்.

முதல் பிடி அவளுடையது. உனக்கு வைத்திருக்க என்னால் முடியவில்லை.

இனிச் சாவி. நேரில் சொல்ல வைத்திருந்தேன்.

நீ நவம்பரில் போவோம் என்று சொல்லிவிட்டுப் போன அந்த ஞாயிறு, அப்பா தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"வைச்சிரு பிள்ளை. நான் கேட்டாலும் தராத. அவன் கேட்டாத் துலைஞ்சு போச்செண்டு சொல்லு."

"ஏனப்பா? நெஞ்சு நோகுதே?"

"ஓம், நெஞ்சுதான். அவனுக்குச் சொல்லாத. அப்பா பயந்திட்டாரெண்டு நினைப்பான்."

அதனால்தான் சோபாவைத் தூக்கிப் பிடித்தேன். அவர் டோர்ச் லைற்றோடு கட்டிலுக்குக் கீழே போனபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். முப்பத்தோராம் நாள் நீ எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டபோதும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்பா பயந்தவர் என்று நீ நினைப்பதைவிட அக்கா பொல்லாதவள் என்று நினைப்பது பரவாயில்லை என்று இருந்தேன்.

அவர் சாவுக்குப் பயந்தார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். இன்றைக்கு உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் விளங்குகிறது. நீ ஓட்டிக்கொண்டு போகும்போது எல்லையில் நிறுத்தி, உன்னைப் போகச் சொல்லி அவரை மட்டும் இறக்குவார்கள். அதற்குத்தான் பயந்திருக்கிறார்.

வண்டிலுக்குள் அவர் பகலில் படுத்ததும் எனக்குத் தெரியும். கதவுக்கு வேறு சாவி வைத்திருந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "யூமா வரைக்கும்" என்பார். பகிடி என்று நினைத்தேன்.

மெதுவாக ஓட்டி வா. இனி அவசரம் இல்லை.

செலீன்


கிலா பெண்ட், அரிசோனா
5 மே 2006

அக்கா,

ரேடியேற்றர் போட்டு முடிந்தது. யூமாவில் உங்கள் இருபத்தைந்தாம் திகதிக் கடிதத்தை வாசித்தேன். அஞ்சலகத்துக்கு வெளியே ஒரு பொதுத் தொலைபேசி இருக்கிறது. உங்கள் இலக்கத்தை அழுத்தினேன். நீங்கள் "ஹலோ" என்றீர்கள். பின்னால் எலிசா பிரெஞ்சில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டேன். அது நான்தான்.

நேராக வந்திருக்கலாம். கிலா பெண்டில் ஒரு கடிதம் கிடக்கிறது என்ற நினைப்பு விடவில்லை. அஞ்சலகம் ஒரு சிறிய அறை. உள்ளே இருந்த பெண் என் பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு உறையை நீட்டினாள். "மூன்று கிழமையாக உன்னைத் தேடுகிறோம்" என்று சிரித்தாள்.

இப்போது வண்டிலின் படியில் இருக்கிறேன். வெயில். உறை மடியில்.

உங்கள் கடிதங்களைத் தலைகீழாக வாசித்துவிட்டேன். முதல் வாசித்ததில் அப்பா மண்ணுக்குள். அடுத்ததில் அவர் இன்னும் வெளியே. இந்த உறைக்குள் இன்றைக்கும் ஏப்ரல் எட்டாம் திகதி. சுவாமியார் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. உங்கள் நகத்துக்குள் ஐஸ் இல்லை. முதல் பிடியை நீங்கள் யாரையும் போட விடமாட்டீர்கள். இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது. வண்டில் மெதுவாகத்தான் வரும். ஆனாலும் வந்து சேரப் பதினான்கு நாள் காணும்.

முன் இருக்கைப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டேன். அவருடைய கொடியும் அதற்குள்தான் இருந்தது. பிளாஸ்ரிக் தடி முறிந்திருக்கிறது.

அக்கா, உங்கள் எட்டாம் திகதிக் கடிதம் கிடைத்தது.

வாறன்.

டனி